சிரித்துக்கொண்டிருந்தவர்கள்

லிப்ட் கதவு மூன்றாவது முறையும் திறந்து, காத்திருந்து, மூடிக்கொண்டது. அவர் கால் எழவில்லை. முப்பத்தோரு வருடம் லிப்ட் மெக்கானிக்காக இருந்தவர். இரண்டு மாடிகளுக்கு நடுவே சிக்கி அலறியவர்கள் எத்தனையோ பேரைக் கைகொடுத்து வெளியே இழுத்தவர். இன்று மருத்துவமனையின் தரைத்தளத்தில், லிப்ட் வாசலில் இருந்த இரண்டு விரல் அகல இடைவெளியைத் தாண்ட முடியாமல், ஆணி அடித்தாற்போல நின்றார். பின்னால் நின்றவர்கள் உச்சுக்கொட்டினார்கள்.

"வர இஷ்டமில்லேன்னா வீட்லயே சொல்லியிருக்கலாம்ல," என்றாள் மனைவி. "கம்முனு வந்துட்டு, இங்க நின்னு முறைச்சா எப்படி?"

அவர் முறைக்கவில்லை, பயந்திருந்தார். அதைச் சொல்ல வாயெடுத்தார். குரல் உதட்டைத் தாண்டவில்லை. கடைசியில் படிக்கட்டு வழியாகப் போனார்கள். படிகளில் கால் தானாகவே எழுந்தது. பார்க்கின்சன் நோய் அப்படித்தான், சமதரையில் கட்டிப்போட்ட காலைப் படியைக் கண்டதும் அவிழ்த்துவிடும். அதைப் பார்த்து அவளுக்கு எரிச்சல் கூடியதே தவிரக் குறையவில்லை. "இப்ப மட்டும் எப்படி நடக்க வருது?" என்று தனக்குள் பேசிக்கொண்டே பின்னால் ஏறினாள்.

அவள் கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துபவள். நாளெல்லாம் நின்று வேலை செய்த உடம்பு, தியேட்டர் இருட்டில் பத்தாவது நிமிடம் தூங்கிவிடும். கல்யாணமான புதிதில் இடைவேளையில் அவர் எழுப்பினால், "இதுவரைக்கும் என்ன நடந்துச்சு?" என்று கேட்பாள். அப்படி ஆரம்பித்ததுதான். பிறகு அவர் மட்டும் போய்ப் படம் பார்ப்பார்; சாயங்காலம் அவள் காய் நறுக்கும்போது எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து முழுக் கதையும் சொல்வார். வில்லனுக்கு ஒரு குரல், மாமியாருக்கு ஒரு குரல், மழைக்குக்கூட ஒரு குரல். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே வில்லனை வாய்க்கு வந்தபடி திட்டுவாள். இருபத்தாறு வருடத்தில் அவள் முழுசாகப் பார்த்த படம் நாலு தேறாது. கேட்ட படத்துக்குக் கணக்கில்லை.

நாலு வருடத்துக்கு முன் வலதுகை நடுங்க ஆரம்பித்தது. ஸ்க்ரூட்ரைவர் கைக்கு அடங்காமல் போனபோது வேலையை விட்டார். வீட்டிலிருந்தபடியே பகலெல்லாம் படம் பார்த்தார். ஆனால் சொல்லும்போது குரல் உள்ளே போய்க்கொண்டே இருந்தது. அவள் "என்ன? என்ன?" என்பாள். இரண்டு தடவை திருப்பிச் சொல்வார், மூன்றாவது தடவை விட்டுவிடுவார். அவள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்ப்பாள், மறுபடி காய்க்குக் குனிந்துகொள்வாள். ஒருநாள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "கடனேன்னு சொல்ல வேணாங்க. எங்கிட்ட பேசறதே உங்களுக்குப் பாரமா இருக்குன்னு மூஞ்சிலயே தெரியுது."

அதோடு கதை நின்றது. எட்டு மாதம். சீக்காளியிடம் கதை கேட்க அவளுக்கு அலுத்துவிட்டது, அதற்கு இது ஒரு சாக்கு என்று அவர் எண்ணிக்கொண்டார்.

இரண்டாம் மாடியில், வாரம் ஒருமுறை இதே நோய்க்காரர்கள் கூடும் அறை. கூட வந்தவர்களுக்கு உள்ளே இடமில்லை. மனைவி கீழே பேருந்து நிறுத்தத்தில் இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனாள். குரல் பயிற்சி கொடுக்கும் பெண் எட்டு நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தாள். ஆளுக்கொரு படக்கதை சொல்ல வேண்டும், அவ்வளவுதான். "மூச்ச நல்லா இழுத்து, எதிர்ச் சுவத்துக்குச் சொல்ற மாதிரி சொல்லுங்க," என்றாள்.

அவர் சிரிப்புப் படம் ஒன்றை எடுத்தார். ஒரு திருடன் பூட்டை உடைக்க வந்த வீட்டில் சாவு விழுந்திருக்கிறது. வந்தவனைத் தூரத்துச் சொந்தம் என்று நினைத்து, கட்டிப்பிடித்து அழுது, நடு வீட்டில் உட்கார வைத்து, பீரோச் சாவியையும் அவன் கையிலேயே கொடுத்துவிடுகிறார்கள். எட்டு மாதம் அடைத்துக் கிடந்த குரல் கரகரத்துக்கொண்டு வந்தது. திருடன் அழத் தெரியாமல் அழும் இடத்தை நடித்தே காட்டினார். யாரும் சிரிக்கவில்லை. சுற்றிலும் சுண்ணாம்பு பூசியதுபோல ஏழு முகங்கள். அவருக்கு மனசு விட்டுப்போயிற்று.

"போதும்மா," என்றார். "யாருக்கும் பிடிக்கலே."

எதிர் நாற்காலியில் இருந்த கணக்கு வாத்தியார், முகத்தில் ஒரு கோடுகூட அசையாமல், மெல்லச் சொன்னார்: "நான் விழுந்து விழுந்து சிரிச்சுட்டிருக்கேன் சார். வெளிய வர மாட்டேங்குது, அவ்வளவுதான். நிறுத்திடாதீங்க."

"எனக்கு வயிறே வலிக்குது," என்றாள் பக்கத்தில் ஒரு அம்மாள், அதே கல் முகத்தோடு.

அவர் வாத்தியாரையே பார்த்தார். இமைக்காத கண், தொங்கிய கன்னம், எதிராளியை அற்பமாக எடைபோடுவது போன்ற வாய். இந்த முகத்தைத்தான் அவள் தினமும் சோற்றுத்தட்டுக்கு எதிரே பார்த்துக்கொண்டிருக்கிறாள். மூச்சை இழுத்து, மிச்சக் கதையைச் சுவருக்கே சொல்லி முடித்தார்.

நிறுத்தத்தின் பெஞ்சில் அவள் ஓரமாக நகர்ந்து இடம் விட்டாள்.

"ஒரு திருடன்," என்று ஆரம்பித்தார். குரல் சத்தமாகவே வந்தது; பக்கத்தில் நின்ற ஆள் திரும்பிப் பார்த்தார். அவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். கதை சாவு வீட்டுக்குள் நுழைந்தபோது வழக்கம்போல அவர் முகத்தைப் பார்த்தாள். வழக்கம்போலக் கண்ணைத் தாழ்த்தினாள்.

"நான் இப்ப சிரிச்சுட்டிருக்கேன்," என்றார்.

"என்னது?"

"முகம் சொல்லாது. சீக்கு அப்படி. இன்னைக்குத்தான் தெரிஞ்சுது. காலையில முறைக்கலே, பயந்துட்டேன்."

அவள் ரோட்டைப் பார்த்தபடி சொன்னாள்: "போன மாசம் பாத்ரூம்ல வழுக்கி விழுந்தேனே. கல்லு மாதிரி நின்னு பாத்தீங்களே."

"கத்தினேன். சத்தம் வரலே. காலும் வரலே."

நம்பினாளா என்று அவருக்குத் தெரியவில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சரி, அந்தத் திருடன் அழுதானா?" என்றாள்.

"பொய்யாத்தான் ஆரம்பிச்சான்," என்றார். "அப்புறம் அவனால நிறுத்த முடியலே."

அவள் கையை நீட்டி, லென்ஸைச் சோதிப்பதுபோல, அவர் கன்னத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். அங்கே ஏதாவது அசைகிறதா என்று அவருக்கே தெரியவில்லை. பேருந்து வந்து நின்றது. ஆட்களை ஏற்றிக்கொண்டு போயிற்று. கை கன்னத்திலேயே இருந்தது. அவர் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் இருந்த சுவரைப் பார்த்து, மிச்சக் கதைக்கு மூச்சை இழுத்தார்.