துளும்பிக்குள் வெள்ளம்

துளும்பி மறுபடியும் வெடித்துச் சிதறினான்.

மேசை மேலிருந்து குதித்தான், தரையைத் தொட்டான். அவ்வளவுதான். பச்சை உடம்பெல்லாம் முள்முள்ளாகக் கிளம்பி, கணினித் திரையை விட்டே வெளியே பறந்துபோனான்.

"இதையே அனுப்பிரு ஏட்டி," என்றான் பக்கத்து நாற்காலி டெல்வின். "ஜெல்லிப் பையன் முள்ளம்பன்றி ஆயிட்டான்னு ஒரு கதையும் சேத்து எழுதிக் குடு."

"நீ உன் கம்பிய அழி ஏலே," என்றாள் அபினா.

நெய்யூரில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருந்தது சிப்பி ஸ்டுடியோ. கத்தாரிலிருந்து திரும்பிய ஜெபதாஸ் தொடங்கியது. சண்டைக் காட்சிகளில் நடிகர்களைத் தூக்கிப் பறக்கவிடும் கம்பிகளை, படத்திலிருந்து ஒவ்வொரு பிரேமாக அழிப்பதுதான் அங்கே வேலை. இனயத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து அபினாவும் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். அழிப்பதைத் தவிர எதையாவது உண்டாக்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை.

2012-ல் அதற்கு ஒரு வழி திறந்தது. கொச்சியில் ஒருவர் குழந்தைகள் தொடர் எடுக்கிறார். நாயகன் துளும்பி, ஜெல்லியால் ஆன பையன். வேலையை எடுத்திருந்த சென்னை நிறுவனத்துக்கு அவனை ஆடவைக்கத் தெரியவில்லை. ஒரே ஒரு குதியைச் சரியாகச் செய்து காட்டினால் தொடர் முழுக்கத் துளும்பி உங்களுக்கு என்றார்கள். வெள்ளிக்கிழமை மாலை கெடு. தவறினால் வேலை பெங்களூருக்குப் போகும், அபினா கம்பிக்குப் போவாள்.

துளும்பியின் உடம்பு நூற்றுக்கணக்கான புள்ளிகளால் ஆனது. புள்ளிக்குப் புள்ளி கண்ணுக்குத் தெரியாத ஸ்பிரிங் பூட்டியிருந்தாள். ஸ்பிரிங்கை இறுக்கினால் துளும்பி கல்லாக விழுந்தான். தளர்த்தினால் தோசை மாவாகப் பரந்தான். நடுவில் வைத்துப் பார்த்து ஒருவழியாக ஆடவைத்தபோது, சென்னை மேற்பார்வையாளர் ராஜகுமாரிடமிருந்து ஆங்கிலத்தில் ஒரு மெயில் வந்தது: 'உள்ளே ஃப்ளட் வேண்டும் என்கிறார் கிளையன்ட்.'

அன்றிலிருந்துதான் எல்லாம் கெட்டது. ஜெல்லிக்குள் பெருக்கெடுத்து ஓடும் அலைகளை அபினா உண்டாக்கினாள். அலை ஒரு பக்கம் மோதும், ஸ்பிரிங் மறுபக்கம் இழுக்கும், துளும்பி வெடிப்பான். வெடிக்காத நேரத்தில் வாஷிங் மெஷின் கதவு மாதிரி இருந்தான். அதைத்தான் அனுப்பினாள்.

வியாழன் காலை ராஜகுமார் அழைத்தார். கொச்சிக்காரர் குரியாக்கோஸும் இணைப்பில் இருந்தார். ஜெபதாஸ் போனை ஸ்பீக்கரில் போட்டார்.

"இதெந்தா, கடலோ?" குரியாக்கோஸின் மலையாளத்தில் சலிப்பு. "எனிக்குக் கடலொன்னும் வேண்டா. உள்ளில் வெள்ளம் வேணம். அத்ரே உள்ளூ. ஞான் ஆத்யமே பறஞ்ஞதல்லே?"

"அதைத்தான் சார் கொடுத்திருக்கோம்," என்றார் ராஜகுமார். "ஃப்ளட்."

அபினா நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவள் வீட்டில் யாருக்காவது தாகம் எடுத்தால் வெள்ளம் என்றுதான் கேட்பார்கள்.

"சாரே," என்றாள் போனைப் பார்த்து, "நீங்க சொல்லுறது குடிக்கிற வெள்ளமா?"

"பின்னே வேறே ஏது வெள்ளம், மோளே?"

ராஜகுமார் மெதுவாக, "வெள்ளம்னா... தண்ணியா?" என்றார். சென்னையில் பிறந்து வளர்ந்தவருக்கு வெள்ளம் என்றால் ஏரி உடைந்து தெருவுக்குள் வருவது.

"ஆமா சார்," என்றாள் அபினா. "நாளைக்கு வரைக்கும் நேரம் இருக்குல்லா? தாங்க."

போனை வைத்ததும் ஜெபதாஸ் தலையில் கை வைத்தார். "ஒரு நாள்ல எப்பிடி மக்கா?"

"அண்ணா, கீழ கடையில ஒரு வாட்டர் பாக்கெட் வாங்கிட்டு மேல வாங்க, கேட்டியளா?"

மொட்டை மாடியில் டெல்வின் பாக்கெட்டைத் தலைக்கு மேலிருந்து போட்டான். அபினா கைப்பேசியில் படம் எடுத்தாள். அடி தட்டையானது, பக்கங்கள் பிதுங்கின, மேல்பகுதி ஒரு கணம் தாமதித்து வந்து அமர்ந்து, ததும்பி, அடங்கியது. எத்தனை தடவை போட்டாலும் இப்படித்தான்.

"பாத்தியா? தோல் மட்டும்தான் இழுக்குது," என்றாள். "உள்ள இருக்க வெள்ளம் எதையும் இழுக்கல்ல. கூடவும் இல்ல, குறையவும் இல்ல. ஒரு பக்கம் அமுக்கினா மறுபக்கம் போவுது. நான் என்னத்துக்கு உள்ள அவ்வளவு ஸ்பிரிங் வச்சேன்?"

கடைசித் தடவை பாக்கெட் கிழிந்து டெல்வினின் பேண்ட் நனைந்தது. "இப்ப குறைஞ்சு போச்சுல்லா?" என்றான் அவன்.

கீழே வந்து துளும்பியின் உடம்புக்குள் இருந்த ஸ்பிரிங் அனைத்தையும் அபினா எடுத்துப் போட்டாள். தோலில் மட்டும் விட்டாள். பிறகு ஒரே ஒரு விதி எழுதினாள்: உள்ளே இருக்கும் அளவு எந்த பிரேமிலும் மாறக் கூடாது, குறைந்தால் உள்ளிருந்து தோலைத் தள்ளு, கூடினால் விடு. முதல் ஓட்டத்தில் துளும்பி பலூனாக வீங்கி மேலே போனான். தள்ளும் வேகத்தைக் குறைத்தாள். அடுத்த ஓட்டத்தில் தரையில் இறங்கினான். வெடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மதியம் படம் திரையில் பிரேம் பிரேமாக உருவாகிக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. அந்த வருஷம் அது புதிதல்ல. இன்வெர்ட்டர் கூவத் தொடங்கியது. ஜெபதாஸ் ஓடிப்போய் மின்விசிறிகளை அணைத்தார், டெல்வினின் கணினியையும் அணைத்தார்.

"அண்ணா, நான் சேவ் பண்ணல்ல," என்றான் டெல்வின்.

"கம்பிதானே? நாளைக்கும் அங்கேதான் இருக்கும்."

புழுங்கி வழிந்த அறையில் மூவரும் ஒரே திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடைசி பிரேமும் முடிந்தது. அபினா படத்தை அனுப்பினாள்.

மாலையில் போன் வந்தது. கொச்சியில் குரியாக்கோஸ் படத்தை ஓடவிட்டார். பிறகு ஒரு சிரிப்பு. "ஒன்னுகூடி இடூ," என்று அங்கே யாரிடமோ சொன்னார். மறுபடி போட்டார்கள். நாற்காலிகள் நகர்ந்தன. இன்னும் சிலர் வந்து சேர்ந்து சிரித்தார்கள். "அவன்டெ வயறு நோக்கிக்கே," என்று ஒரு பெண் குரல் கேட்டது. படம் மீண்டும் மீண்டும் ஓடியது. இந்தப் பக்கம் போன் இருப்பதையே மறந்துவிட்டார்கள்.

ஜெபதாஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கடைசியில் ராஜகுமார்தான் பேசினார். "அபினா, எல்லா எபிசோடும் உங்களுக்குத்தான். திங்கட்கிழமை ஆரம்பிச்சிடலாமா?"

"ஆரம்பிக்கலாம் சார். ஆனா ஒரு காரியம். இனிமே குரியாக்கோஸ் சார் சொல்லுறது நேரா எனக்கு வரணும். இடையில இங்கிலீஷ் வேண்டாம்."

ராஜகுமார் வாய்விட்டுச் சிரித்தார். "சத்தியமா வேண்டாம்மா. டைட்டில்ல உங்க பேரை எப்படிப் போடணும்னு மட்டும் சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

டெல்வின் காதருகே வந்து, "அபினா பி.இ.ன்னு சொல்லு ஏட்டி," என்றான்.

அவள் அவனைத் தள்ளிவிட்டு, ஒவ்வொரு எழுத்தாக நிறுத்திச் சொன்னாள்: "துளும்பிக்கு உயிர் கொடுத்தவர், இனயம் அபினா. எழுதிட்டியளா சார்? எங்க ஊரு இனயம், ரெண்டு சுழி 'ன'."