பாட்டிலின் இடது ஓரம்

கறுப்பு அட்டையை இன்னும் ஒரு விரற்கடை உள்ளே நகர்த்தினாள் மௌரீன். கேமராவில் பார்க்கும்போது பாட்டிலின் இடது ஓரத்தில் ஒரு கறுப்புக் கோடு விழ வேண்டும். கழுத்திலிருந்து அடிவரை, மை தொட்டு இழுத்ததுபோல, எங்கும் அறுபடாமல். அது விழமாட்டேன் என்றது.

“என்ன தெரியுது?” என்று படுக்கையறையிலிருந்து கணவர் ஓஸ்வால்ட் கேட்டார்.

“பாதி வரைக்கும் கறுப்பா வருது. அப்புறம் வெள்ளையாப் போயிடுது.”

பதில் உடனே வரவில்லை. ஒரு வாக்கியம் பேசுவதற்கு முன் மூச்சைச் சேர்த்துக்கொள்ள அவருக்கு இப்போதெல்லாம் நேரம் பிடித்தது. அவள் காத்திருந்தாள்.

“ஜன்னல் திரை விலகியிருக்கும். பாரு.”

விலகித்தான் இருந்தது. ஒரு சாண் இடைவெளியில் காலை வெயில் உள்ளே வந்து, எதிர்ச் சுவரில் பட்டு, அங்கிருந்து பாட்டிலில் ஏறியிருந்தது. கட்டிலில் கிடக்கிறவருக்கு முன்னறைக் கதவும், அதற்கப்பால் தொங்கும் கறுப்புத் துணியின் முதுகும் தவிர ஒன்றும் தெரியாது. தெரியாமலேயே சொல்லிவிட்டார். திரையை இழுத்து க்ளிப் போட்டுவிட்டு வந்து பார்த்தாள். கோடு விழுந்திருந்தது.

“வந்துடுச்சு,” என்றாள்.

“ம்,” என்றார். அவர் சிரித்திருப்பார் என்று அவளுக்குத் தோன்றியது.

ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டின் அந்த முன்னறைதான் பத்து வருடங்களாக அவருடைய ஸ்டுடியோ. அதற்கு முன் இருபத்திரண்டு வருடம் ஒரு விளம்பர ஸ்டுடியோவில் நகைகளையும் கைக்கடிகாரங்களையும் படம் பிடித்துக்கொண்டிருந்தார். அதை மூடியபோது வீட்டு சோஃபாவைத் தூக்கித் தங்கை கேரலிடம் கொடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு மேசையைப் போட்டார். கூந்தல் எண்ணெய், தேன், அத்தர் என்று சின்னச் சின்ன வியாபாரிகள், போனில் காட்டி விற்பதற்கு அரை நிமிட வீடியோ கேட்டு வந்தார்கள். பிளாஸ்டிக் டப்பா என்றால் அரைமனதாக எடுப்பார். கண்ணாடி என்றால் சாப்பாடு மறந்துவிடும். கண்ணாடிமேல் நேராக வெளிச்சம் போடக் கூடாது, அது எதைப் பார்த்து நிற்கிறதோ அதன்மேல்தான் போட வேண்டும் என்பார். எதிரே நிற்பவரின் சட்டைகூட அதில் தெரிந்துவிடும். அதனால் திரை, மேசை விரிப்பு, இவர்கள் உடுப்பு எல்லாமே கறுப்பு. மௌரீன் பள்ளிக்கூட அலுவலகத்தில் கிளார்க்காக இருந்தாள். சனி, ஞாயிறுகளில் கறுப்புச் சுடிதார் ஒன்றை மாட்டிக்கொண்டு அவருக்கு உதவியாக நிற்பாள். பாட்டிலில் வேண்டாதது எது தெரிகிறது என்று பார்த்துச் சொல்வது அவள் வேலை. விளக்கையோ கேமராவையோ தொட்டதில்லை.

பிப்ரவரியில் ஆஸ்பத்திரியில் வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொல்லிவிட்டார்கள். ஈரலில் தொடங்கியது எங்கெங்கோ பரவியிருந்தது. அவள் நீண்ட விடுப்பு எடுத்தாள். அல்சூரிலிருந்து ஆராவமுதன் என்பவர் ஜனவரியிலேயே கொடுத்துவிட்டுப் போன நன்னாரி சர்பத் பாட்டில்கள் பெட்டியோடு மூலையில் கிடந்தன. வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி இவள் போன் செய்தபோது, சார் எழுந்து வந்து எடுக்கட்டும், எனக்கு அவசரமில்லை என்று சொல்லிவிட்டார் அந்த மனிதர்.

அன்று காலை ஓஸ்வால்ட் அரை டம்ளர் கஞ்சி குடித்தார். ஐந்து நாட்களில் அவர் குடித்தது அதுதான் அதிகம். குடித்துவிட்டு, இன்றைக்கு அந்த சர்பத்தை எடுத்துவிடலாம் என்றார். நீ எடு, நான் சொல்கிறேன் என்றார். அவர் முகத்தில் தெளிவு இருந்ததைப் பார்த்து அவளுக்கும் உற்சாகம் வந்துவிட்டது. மகன் க்ளென் ஒயிட்ஃபீல்டு ஆபீசுக்குக் கிளம்பி வாசல்வரை போனவன் திரும்பி வந்து, லீவு போடட்டுமா என்று கேட்டான். வேண்டாம், டாடி இன்றைக்கு நன்றாக இருக்கிறார் என்று அனுப்பிவைத்தது அவள்தான்.

பாட்டிலைக் கையுறை போட்டுத் துடைத்து, மோட்டார் வைத்த வட்டத் தட்டின் நடுவில் நிறுத்தியிருந்தாள். பின்னால் பட்டர் பேப்பருக்குப் பின்னே விளக்கு. சர்பத் அடுப்புத் தணலைப் போலச் சிவந்திருந்தது. கிளிசரின் கலந்த தண்ணீரை, அவர் சொன்னபடி ஒரு முழம் தள்ளி நின்று தெளித்தாள். துளிகள் கண்ணாடியில் ஒட்டி நின்றன.

“ஒரு சுத்து நாப்பது செகண்ட்,” என்றார் அவர். “நடுவுல நிறுத்தாத. மூச்சுகூட விடாத.”

“நீங்க பேசாம இருங்க. களைப்பா இருக்கப் போவுது.”

முதல் சுற்றில் ஒரு துளி லேபிள்மேல் வழிந்துவிட்டது. துடைத்து, மறுபடியும் தெளித்தாள். இரண்டாவது சுற்றில் பாதி போயிருக்கும்போது அவர் கூப்பிட்டார்.

“மௌரீன்.”

சத்தமாக இல்லை. எப்போதும் கூப்பிடுகிற மாதிரிதான் இருந்தது. தட்டு சுழன்றுகொண்டிருந்தது. கோடு அறுபடாமல் வந்துகொண்டிருந்தது.

“ஒரு நிமிஷம். ஓடிட்டிருக்கு,” என்றாள்.

அந்தச் சுற்றும் சரியாக வரவில்லை. மேலே ஒரு துளி உருண்டு கோட்டை வெட்டியது. இன்னொரு தடவை துடைத்தாள், தெளித்தாள், பொத்தானை அழுத்தினாள். மூன்றாவது சுற்று அவள் நினைத்ததைவிட நன்றாக வந்தது. ஒரே ஒரு துளி, கழுத்திலிருந்து புறப்பட்டு, அவசரமில்லாமல் இறங்கி, லேபிளுக்குச் சற்று மேலே நின்றது. கேமராவின் சின்னத் திரையில் இரண்டு முறை ஓட்டிப் பார்த்தாள். ஐம்பத்திநாலு வயதில், அவர் வேலையை அவள் முதல்முறையாகச் செய்திருந்தாள். கேமராவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு படுக்கையறைக்குப் போனாள்.

“பாருங்க,” என்று கட்டிலோரம் உட்கார்ந்து திரையை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

அவர் கதவுப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். ஒரு கை போர்வைக்கு வெளியே, கட்டில் விளிம்பைத் தாண்டி நீண்டிருந்தது. திறந்திருந்த இரண்டு கண்களிலும் சிவப்பாகச் சின்னதாக அந்த பாட்டில் சுற்றிக்கொண்டிருந்தது. சுற்று முடியும்வரை அவள் திரையைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். அவர் இமைக்கவில்லை.

முதலில் வந்தவள் கேரல். இரண்டு தெரு தள்ளி வீடு. அண்ணனின் காலைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு எழுந்து கண்களை மூடிவிட்டாள், தாடையைக் கட்டினாள், விரல்களில் ஜெபமாலையைச் சுற்றினாள். தெரு முனையில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டரம்மா வந்து பார்த்துவிட்டு, எத்தனை மணிக்கு என்று கேட்டார். மௌரீன் வாயைத் திறப்பதற்குள் கேரல் சொன்னாள்.

“தூக்கத்துலயே போயிருக்காரு டாக்டர். யாருக்குத் தெரியும்.”

டாக்டரம்மா தன் கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்துப் பதினொன்று இருபத்தைந்து என்று எழுதினார். அதற்குப் பிறகு வந்தவர்களுக்கெல்லாம் கேரல் அதையே சொன்னாள். வந்தவர்களும், கொடுத்துவைத்தவர், வலி இல்லாமல் போனார் என்று சொல்லி மௌரீனின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அரை மணி நேரத்துக்குள் கறுப்பு உடுத்தித் தயாராக உட்கார்ந்திருக்கிறாளே என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னது அவள் காதில் விழுந்தது. மாற்றிக்கொள்ள அவளுக்குத் தோன்றவில்லை.

க்ளென் வர ஒன்றரை மணி நேரம் ஆனது. ஷூவைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தவன் அப்பாவின் நெற்றியில் கை வைத்தான். அந்தக் கையை வெகுநேரம் எடுக்கவில்லை. பிறகு அம்மாவிடம் வந்து தரையில் உட்கார்ந்தான்.

“கூடவே இருந்தீங்க இல்ல, மம்மி?”

அவன் கண்கள் அவள் முகத்தை விட்டு நகரவில்லை.

“இருந்தேன்,” என்றாள்.

அவன் தலையாட்டினான். தோள்கள் கொஞ்சம் தளர்ந்தன. அதைப் பார்த்த பிறகு, சொன்னதைத் திருத்த அவளால் முடியவில்லை.

உடலை வைக்க முன்னறையைத்தான் காலி செய்ய வேண்டியிருந்தது. கீழ் வீட்டுக் கோவிந்தப்பாவும் கேரலின் கணவரும் மேசையைச் சுவரோரம் தள்ளினார்கள். கோவிந்தப்பா அந்த பாட்டிலை இரண்டு கையாலும் ஏந்தி, எங்கே வைப்பதென்று தெரியாமல் சிறிது நேரம் நின்றுவிட்டு, சமையலறை மேடையில் கொண்டுபோய் வைத்தார். குளிர்ப்பெட்டி வந்தது. கறுப்புத் திரைகளை ஒரே நாளில் கழற்ற முடியாது, மேல்விளிம்பு நெடுக ஆணி அடித்து மாட்டியவை. அறை இருட்டாக இருக்கிறதென்று யாரோ ஸ்டுடியோ விளக்கையே போட்டார்கள். வெளிச்சம் பெட்டியின் கண்ணாடி மூடியில் பட்டுத் தெறித்தது. அவருடைய முகமே தெரியவில்லை. வெள்ளையாக ஒரு திட்டுதான் தெரிந்தது. ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு நடுவே மௌரீன் எழுந்து போனாள். ஒரு அலமாரியின் மேல் சுருட்டி வைத்திருந்த வெள்ளைத் துணியைச் சுவரில் விரித்துக் கட்டினாள். விளக்கை அவரை விட்டுத் திருப்பி அந்தத் துணியைப் பார்க்க வைத்தாள். திட்டு மறைந்தது. மூடிக்கு அடியில் அவர் முகம், மூக்கின் நிழல்கூட இல்லாமல், அமைதியாகத் தெரிந்தது. கேரல் ஜெபத்தை நிறுத்தி அவளைப் பார்த்தாள். மௌரீன் தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

மறுநாள் பிற்பகல் கோயிலில் பூசை முடிந்து, கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனார்கள். மண் போட்டுவிட்டு எல்லோரும் கை கழுவிக்கொண்டிருந்தபோது, நெற்றியில் நாமம் போட்ட மெலிந்த பெரியவர் ஒருவர் தயங்கித் தயங்கி அருகில் வந்தார். தான்தான் ஆராவமுதன் என்றார். மார்ச் மாதம் இந்தப் பக்கம் வந்தபோது வீட்டுக்கு வர நினைத்ததாகவும், தொந்தரவாக இருக்குமென்று போய்விட்டதாகவும் சொன்னார். வீடியோவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“எடுத்தாச்சு சார்,” என்றாள் மௌரீன். “அவருதான் எடுத்தாரு. அனுப்பிடறோம்.”

இப்போது அதெல்லாம் எதற்கம்மா என்றார் அவர். கண் கலங்கியிருந்தது.

அடுத்த நாள் காலை கேரல் இட்லி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன பிறகு, வீட்டில் அம்மாவும் மகனும் மட்டும் இருந்தார்கள். டாடியின் கடைசி வேலை, அதை அனுப்பிவிடு என்று அவள் க்ளென்னிடம் சொன்னாள். வெட்டிச் சேர்க்கிற வேலையை அவன்தான் எப்போதும் செய்வான். சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்து, கேமராவின் கார்டைச் சொருகினான். அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தட்டில் இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தாள். மூன்று சுற்றும் திரையில் வரிசையாக வந்து நின்றன. அவன் ஹெட்ஃபோனை எடுத்துக் காதில் மாட்டினான்.

அதற்குப் பிறகுதான் அவளுக்கு உறைத்தது. படம் எடுக்கும்போது கேமரா சத்தத்தையும் பிடித்துக்கொள்ளும். இந்த மாதிரி வீடியோவுக்கு அந்தச் சத்தம் வேண்டாம், அதை எடுத்தெறிந்துவிட்டு ஏதாவது இசையைப் போடுவார்கள். இத்தனை வருடத்தில் அவள் அதைப் பற்றி யோசித்ததே இல்லை. அவர் கூப்பிட்டது அதில் இருக்கும். ஒரு நிமிஷம் என்று அவள் முன்னறையிலிருந்து சொன்னது இருக்கும். அதற்குப் பிறகு, மோட்டார் சத்தத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்த அவள் காதுக்கு எட்டாதது ஏதாவது இருந்தால், அதுவும் இருக்கும்.

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை.

க்ளென்னின் விரல் விசைப்பலகைமேல் இருந்தது. திரையில் பாட்டில் சுழன்றது. இரண்டாவது சுற்று பாதியைத் தாண்டியபோது அவன் விரல் நின்றது. கொஞ்சம் பின்னால் ஓட்டினான். மறுபடி கேட்டான். ஹெட்ஃபோனை ஒரு கையால் காதோடு அழுத்திக்கொண்டு, தலையைக் குனிந்து, மூன்றாவது முறையும் கேட்டான். பிறகு அடுத்த சுற்றை முதலிலிருந்து கடைசிவரை, திரையைப் பார்க்காமல், கேட்டுக்கொண்டே இருந்தான். அவள் இட்லியைக் கையில் வைத்துக்கொண்டு அவன் முகத்தையே பார்த்தாள். அந்த முகத்தில் அவளால் எதையும் படிக்க முடியவில்லை. அவர் முகம் மாதிரியே இருந்தது.

அவன் ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்தான். ஏதோ இரண்டு பொத்தான்களைத் தட்டினான்.

“சத்தத்தை எடுத்துட்டேன், மம்மி.”

“என்ன இருந்துச்சு?”

“ஒண்ணுமில்ல. மோட்டார் சத்தந்தான்.”

“டாடி ஏதாவது…”

“டாடி தூங்கிட்டிருந்தாரு,” என்றான் அவன், லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டே. “நீங்கதான் கூடவே இருந்தீங்களே.”

அவள் தட்டில் கையை வைத்தாள். எப்படியோ, “ஆமா,” என்று சொன்னாள்.

வீடியோவை அவளுக்கு ஒரு தடவை போட்டுக் காட்டினான். சத்தமில்லாமல் பாட்டில் ஒரு சுற்று சுற்றி நின்றது. நன்றாக இருக்கிறது, அனுப்பிவிடு என்றாள். அனுப்பினான். லேப்டாப்பை மூடிவிட்டு, குளித்துவிட்டு வருகிறேன் என்று துண்டை எடுத்துக்கொண்டு போய்க் குளியலறைக் கதவைத் தாழிட்டான்.

குழாயை முழுசாகத் திறந்துவிட்டிருந்தான். வெறும் வாளியில் தண்ணீர் விழும் சத்தம் முதலில் ஓங்கிக் கேட்டது, பிறகு மெல்ல மெல்ல அடங்கியது, பிறகு வாளி நிறைந்து தரையில் வழியத் தொடங்கியது. மொண்டு ஊற்றுகிற சத்தம் வரவே இல்லை. அந்தத் தெருவுக்குக் காவிரித் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும். இன்று வராத நாள். மௌரீன் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. தொட்டித் தண்ணீர் தீர்ந்து குழாய் தானாக நிற்கும்வரை, அது வழிவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.