மூன்று தரம் கழுவிய அரிசி

அன்று யார் முதலில் கத்தியது என்பது வசந்தமாலாவுக்கு இப்போது சரியாக நினைவில்லை. அக்காதான் என்று இத்தனை வருடமும் சொல்லி வந்திருக்கிறாள்.

2006இல் அக்காவும் தங்கையுமாக மொன்றியலிலிருந்து ஐந்து நாள் கார் ஓட்டிப்போய், யூட்டா பாலைவனத்தில் கூடாரம் அடித்திருந்தார்கள். மலை உச்சியிலிருந்த கல் வளைவைப் பார்க்கத்தான் மாலா இரண்டு வருடம் விடுமுறை எடுக்காமல் டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் வேலை செய்தாள். அக்கா ஜெயராணியோ, மொன்றியலுக்கு அடுத்த புரோசார்ட்டில் இருவரும் சேர்ந்திருந்த வீட்டிலிருந்து புறப்பட்டதிலிருந்தே முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள்.

கடைசி நாள் விடிந்தபோது, வளைவுக்கு நடந்து போகவென்று வைத்திருந்த தண்ணீர்க் கேன் காலியாகக் கிடந்தது. அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது.

“அக்கா, தண்ணி எங்கை?”

“அரிசி கழுவினனான். மூண்டு தரம் கழுவாமல் உலையிலை போடுறதோ?”

“இஞ்சை குழாய் இல்லையெண்டு ராத்திரியும் சொன்னனான்!”

“கல்லுப் பாக்க கனடாவிலையிருந்து வந்தவ, எனக்குப் புத்தி சொல்லுறா. இருந்து சாப்பிடு.”

மாலா அரைப் போத்தல் தண்ணீருடன் தனியே நடந்தாள். ஒரு மணி நேரத்தில் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. வளைவு இன்னும் இரண்டு மேடுகளுக்கு அப்பால் இருந்தது. திரும்பிவிட்டாள். அக்கா சாப்பிட்டு முடித்துக் கோப்பை துடைத்துக்கொண்டிருந்தாள்.

“பாத்தாச்சோ?” என்றாள்.

மாலா பானையைத் தூக்கி மணலில் கவிழ்த்தாள். மொன்றியல் வரும்வரை இருவரும் பேசவில்லை.

அந்த மாதமே மாலா மொன்றியல் நகருக்குள் நோத்ர-டாம்-த-கிரேஸில் தனி வீடு பார்த்துப் போனாள். ஜெயராணி இன்னும் புரோசார்ட்டில்தான் இருக்கிறாள். கல்யாண வீடுகளில் கண்டால் தலையசைப்பார்கள். வளைவை இருவரும் பார்க்கவில்லை.