பச்சைப் பொட்டலத்துக்குப் பின்னால்

எங்கள் காவ்சியுங் நகரத்துக் கார் ஆலையில் ரோபோக்களுக்கு அறிவு உண்டு, மனிதர்களுக்குத்தான் பஞ்சம். நான் போட்ட நெட்வொர்க், நான் மாட்டிய கண்ட்ரோல் பெட்டி. ஆனால் அதற்குள் ஒரு சோளப்பொரிப் பொட்டலம் இருந்தே ஆக வேண்டும். பச்சை நிறத்தில் இருந்தால்தான் இயந்திரம் சொன்னபடி கேட்குமாம். காலாவதியாவதற்குள் எங்கள் லைன் பையன் யூஹாங் புதிதாக வைப்பான். வேறு யாரும் அதைத் தொட மாட்டார்கள். நானும் தொட்டதில்லை.

வெல்டிங் ரோபோவைச் சுற்றிய வேலியின் கதவு திறந்தால், அந்தச் செய்தி கேபிள் வழியாகப் போய் ரோபோ உறைந்து நிற்க வேண்டும். கேபிள் பழசு, அதனால் ரோபோ தினமும் பலமுறை சும்மாவே நின்றது. செய்தி கண்ணிமைக்கும் நேரம் அறுந்தாலும் ரோபோ நின்றுவிடும். அப்படித்தான் வடிவமைத்திருந்தேன்.

"ஒருநாள் லைனை நிறுத்துங்கண்ணே, கேபிளை மாத்திடறேன்," என்று ஷிப்ட் தலைவர் கோவிடம் கேட்டேன்.

"ஒருநாளா? உன் கல்யாணத்துக்கே அரைநாள்தானம்மா லீவு போட்ட, பெய்ஷான்!"

அடுத்த வாரமே ரோபோ சும்மா சும்மா நிற்பது நின்றுபோனது. எல்லாரும் பொட்டலத்தைக் கும்பிட்டார்கள். பழைய கேபிள் தானாகக் குணமாகுமா என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

"ஓடுறத நோண்டாத," என்றார் கோ.

ஒரு மதியம் யூஹாங், கீழே விழுந்த போல்ட்டை எடுக்கக் கதவைத் திறந்து உள்ளே போனான். ரோபோ நிற்கவில்லை. அவனைக் கார்ச் சட்டத்தோடு நசுக்கி, வலது கையை வெல்டிங் முனைகளுக்கு நடுவில் கவ்வியது. அவன் அலறினான். அவசரத்துக்கு ரோபோவை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை ஓங்கிக் குத்தினேன். அதற்கும் நிற்கவில்லை. சதை கருகும் நாற்றம் வந்தது.

பெட்டியை நோக்கி ஓடினேன். கோ குறுக்கே நின்றார்.

"பொட்டலத்தத் தொடாத! மெயினை அணைக்க ஆள் போயிருக்கான், பொறு!"

"பொறுக்கிறதா? அவன் கை வேகுதுய்யா!"

அவர் முகம் வெளுத்திருந்தது. பொட்டலத்துக்குப் பின்னால் இவர் எதையோ மறைத்திருக்கிறார் என்று எனக்குப் புரிந்துவிட்டது. என் முடியைப் பிடித்து இழுத்தார். கையிலிருந்த ஸ்பேனரை அவர் மூக்கில் இறக்கினேன். எலும்பு உடைந்த சத்தம் கேட்டது, சந்தோஷமாகவும் இருந்தது. பொட்டலத்தைப் பிடுங்கி எறிந்தேன். அதன் பின்னால் ஒரு சாண் ஒயர் செருகியிருந்தது. கதவு திறந்தாலும், பொத்தானை அழுத்தினாலும், ரோபோவிடம் எல்லாம் சரி என்றே சொல்லிக்கொண்டிருந்த ஒயர். பிய்த்தெறிந்தேன். ரோபோ நின்றது.

யூஹாங்கின் வலது கையை முழங்கைக்குக் கீழே வெட்டி எடுத்துவிட்டார்கள்.

மருத்துவமனையில் யூஹாங் என்னைப் பார்த்ததும் அழுதான். மூக்கில் கட்டோடு கோவும் வந்திருந்தார், மடியில் கொய்யாக் கூடை. ஒயரைப் பற்றி அவர் அவனிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லியிருக்கவில்லை.

"தப்பு என்னுதுதான்க்கா," என்றான் யூஹாங். "பொட்டலம் காலாவதியாகிப் போச்சு. மாத்த மறந்துட்டேன்."

கோ மெதுவாகத் தலையாட்டினார். "விடுப்பா. அடுத்த தடவை மறக்காத."

அந்தக் கூடையைத் தூக்கி, கட்டு போட்டிருந்த அதே மூக்கில் அடித்தேன்.