ஏழாம் எண் இரத்தம்

நோன்பு பன்னிரண்டாம் நாள், மதியம் இரண்டு மணி. ஸ்ஃபாக்ஸ் நகரத்தின் துணை மருத்துவக் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் வரிசையாக நின்ற இருபது கண்ணாடிக் குழாய்களில் பதினெட்டு, துவைத்துத் துவைத்து வெளுத்த ரோஜாச் சட்டையின் நிறத்தில் இருந்தன. இரண்டு மட்டும் மாதுளைச் சாறு. அந்த இரண்டையும் கலக்கியவள் மனூபியா.

சர்க்கரை கூடக் கூடச் சிவக்கும் சோதனை அது. விடியலுக்கு முன் சாப்பிட்டு வாயைக் கட்டிய பத்து மாணவர்களின் இரத்தம், ஆளுக்கு இரண்டு குழாய், வெளுத்துத்தானே இருக்க வேண்டும்? மற்ற ஒன்பது பேரும் குழாய்களைப் பார்த்தார்கள். பிறகு மனூபியாவின் கட்டைவிரலைப் பார்த்தார்கள்.

அந்த விரலுக்கு ஒரு சரித்திரம் உண்டு. துளியளவு உறிஞ்சி எடுக்கும் பிப்பெட்டின் பொத்தானில் இரண்டு தடைகள் இருக்கும். உறிஞ்சும்போது முதல் தடையோடு நிற்க வேண்டும். தாண்டி அழுத்தினால் இரத்தத்திலிருந்து பிரித்த சீரம் கூடுதலாக ஏறி, நிறமும் கூடிவிடும். மனூபியாவின் விரல் நிற்காது. நாக்கே நிற்காதவளுக்கு விரல் எங்கே நிற்கும் என்பார்கள் தெருவில். யார் வீட்டுச் சட்டியில் என்ன வேகிறது என்பது மூடி திறக்கும் முன் அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரிந்தது மாலைக்குள் மீன் சந்தைப் பூனைக்கும் தெரியும். புருஷன் போன எட்டு வருஷமாக ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் சீசா கழுவுகிறாள். செய்முறைத் தேர்வில் தேறினால் கழுவும் தொட்டியிலிருந்து மேஜைக்கு மாறலாம். போன முறை விரல் கவிழ்த்தது. இது கடைசி முறை.

"மனூபியா அக்கா விரலு நோன்பு தொறந்துடுச்சு போல!" என்றான் பின்வரிசையில் ஒருவன். கூடமே சிரித்தது.

"சிரிச்சது போதும்" என்றாள் ஆசிரியை இப்திஸாம். மனூபியாவைவிடப் பத்து வயது சின்னவள். கண் மட்டும் மாமியார் கண். "இன்னொரு தடவை செய்யுங்க மனூபியா. என் கண் முன்னால. அப்புறம் அதே சீரத்தை நான் மெஷின்ல போடுவேன். ரெண்டும் ஒத்துப்போகணும். இல்லேன்னா அடுத்த பேச்சில்ல."

யார் இரத்தத்தை யார் எடுப்பது என்று சீட்டுப் போட்டு, திரைக்குப் பின்னால் எடுத்திருந்தார்கள். குழாயில் எண் மட்டும்தான். பெயர் வெளியே போனால் ஆளும் வெளியே, அது முதல் நாளே இப்திஸாம் சொன்ன சட்டம். ஏழாம் எண் யாருடைய கை நரம்பிலிருந்து வந்தது என்பது மனூபியாவுக்கும் அந்தக் கைக்காரருக்கும் மட்டுமே தெரியும்.

கைக்காரர் ஹம்மாதி, அந்தப் பத்துப் பேரில் ஒருவர். ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர், நாற்பத்தைந்து வயது, கல்யாணமாகாதவர். நோன்பு மாதத்தில் ஒளிந்து தின்கிறவர்களுக்காக ஜன்னலுக்குக் காகிதம் ஒட்டிய காப்பிக்கடையிலிருந்து யாராவது நழுவி வந்தால், எதிரே நின்று, சீச்சீ என்பதுபோல் நிதானமாகத் தலையை ஆட்டிவிட்டுப் போகிற மனிதர்.

மனூபியா மூச்சைப் பிடித்துக்கொண்டு பொத்தானை அழுத்தினாள். முதல் தடை. நின்றாள். நுனியைச் சீரத்தில் இறக்கி, விரலை மெல்ல விட்டாள். இரண்டு குழாய். வெந்நீர்த் தொட்டியில் பத்து நிமிடம் வைத்துவிட்டுக் கை கழுவப் போனபோது ஹம்மாதி பின்னாலேயே வந்து நின்றார்.

"அக்கா… விரல் தவறிடுச்சுன்னு சொல்லிடுங்களேன்."

"சொன்னா தொட்டியிலதான் கெடப்பேன், சாகுற வரைக்கும். என்ன தின்னீங்க?"

"யாரு, நானா?"

"இல்ல, உங்க ஆம்புலன்ஸு."

அவர் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ரொட்டியில கொஞ்சம் தேன். ஒரே ஒரு துண்டு. ஊசின்னா எனக்கு மயக்கம் வரும் அக்கா. வெறும் வயித்துல உங்க முன்னால விழுந்துட்டா மானம் போயிடும்னு…"

"ஒரு துண்டுக்கு இந்தச் செவப்பு வராது."

"…மூணு."

எட்டு வருஷத்தில் இப்படி ஒரு சேதி அவள் மடியில் விழுந்ததில்லை. தொண்டை வரை வந்துவிட்டது. தண்ணீரைக்கூட விழுங்கக் கூடாத நாளில் அவள் அதை விழுங்கினாள்.

நிறத்தை அளக்கும் ஒளிமானியில் எண் வந்தது: லிட்டருக்கு 1.58 கிராம் சர்க்கரை. இன்னொரு குழாய், 1.57. அளவு தெரிந்த கன்ட்ரோல் சீரத்தையும் போட்டுப் பார்த்தாள். அட்டையில் இருந்ததுதான் வந்தது.

"நோன்பாளி இரத்தத்துல ஒன்றரைக்கு மேலயா?" என்றாள் இப்திஸாம். "0.85 மாதிரி வரணுமே. யோசிச்சு எழுதுங்க."

ஹம்மாதி கூரை மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார், அது ஓடாவிட்டாலும்.

"யோசிச்சிட்டேன் மேடம். என் விரல் மொதல் தடையிலதான் நின்னுச்சு. வந்ததைத்தான் எழுதுவேன்" என்று மனூபியா 1.58 என்று எழுதினாள். கையெழுத்துதான் கோணியது, எண் கோணவில்லை.

மெஷின் முனகி முனகிக் காகிதம் துப்பியது. 1.56.

இப்திஸாம் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். அந்த முகத்தில் சிரிப்பு வரும் என்று யாரும் கேள்விப்பட்டதில்லை, வந்தது. "திங்கட்கிழமை வெள்ளைக் கோட்டு வாங்கிக்கங்க. ஏழாம் எண்காரர் யாரோ, தனியா வந்து ஒருதரம் சர்க்கரை பார்த்துக்கங்க. அவ்வளவுதான்." ஒன்பது பேரும் ஒருவர் வாயை ஒருவர் மோப்பம் பிடிக்காத குறை. அதில் ஹம்மாதிதான் முதல் ஆள்.

அன்று மாலை, சூரியன் சாய்கிற நேரம். மனூபியா வீட்டு வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நின்றது. யாருக்கு என்ன ஆச்சோ என்று தெருவே ஜன்னலைத் திறந்தது. ஹம்மாதி இறங்கினார், இஸ்திரி போட்ட சட்டை, கையில் ரிப்பன் கட்டிய பக்லாவா இனிப்புப் பெட்டி. பெட்டியைக் கொடுத்தார், காது சிவக்க ஏதோ முணுமுணுத்தார், வந்த வேகத்தில் போய்விட்டார்.

"ஏடி மனூபியா!" எதிர்வீட்டு மாடியிலிருந்து ஸாதியாவின் குரல். "கோட்டு திங்கக்கெழமைன்னே, கல்யாணம் என்னைக்குடி?"

"சும்மா இருடி. அது வேற விஷயம்."

"என்ன விஷயம்?"

மனூபியா வாயைத் திறந்தாள். மூன்று துண்டு ரொட்டியைச் சொன்னால் போதும், தெரு வயிறு வெடிக்கச் சிரித்துவிட்டு அவளை விட்டுவிடும். திறந்த வாயை மூடினாள். பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டபோது உள்ளே அடைபட்ட சிரிப்பில் தோள் குலுங்கியது. ஸாதியாவுக்கு அது வெட்கமாகத் தெரிந்திருக்க வேண்டும்.

பள்ளிவாசலில் நோன்பு திறக்கும் பாங்கு ஒலித்தது. பதினொரு ஜன்னலிலும் பதினொரு தலைகள் அப்படியே இருந்தன. ஒரு கையும் பேரீச்சம்பழத்துக்குப் போகவில்லை.