கடைசி மேசையின் வேகம்

என் தம்பிக்குப் பச்சை பெல்ட் கிடைக்கப்போகிறது என்று கேள்விப்பட்டபோது, அதை இடுப்பில் கட்டுவதா தோளில் போடுவதா என்றுதான் முதலில் கேட்டேன். தலையில் அடித்துக்கொண்டான். பேர்தான் பெல்ட்டாம், கைக்கு வருவது ஒரு சான்றிதழாம். சிக்ஸ் சிக்மா என்ற தர மேலாண்மைப் பயிற்சியில் தேறியவர்களுக்குக் கொடுப்பார்களாம். ஒரு காகிதத்துக்கா இந்தப் பாடு என்று சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

அவன் சிரிக்கிற நிலையில் இல்லை என்பது எனக்கும் தெரியும். நாங்கள் இருவரும் ஒரே குழாய்த் தொழிற்சாலையில் வேலை செய்தோம். நான் கடைசி மேசையில், அவன் மாடியில் தரப் பிரிவில், பயிற்சி ஊழியனாக. பரீட்சையில் தேறிவிட்டான். ஆனால் தொழிற்சாலைக்குள்ளேயே எங்காவது வீணாகும் உழைப்பைக் கண்டுபிடித்துக் குறைத்துக் காட்டினால்தான் சான்றிதழ். சான்றிதழ் இருந்தால்தான் வேலை நிரந்தரம். முதல் தடவை அவன் செய்துகொண்டுபோனதைப் பயிற்சி ஆசிரியர் திருப்பி அனுப்பிவிட்டார். இன்னும் ஒரு வாய்ப்புதான் பாக்கி. அன்றிலிருந்து பையன் சோற்றைக் கொறித்துவிட்டு எழுந்து போனான். அம்மா போனபின் அவனை வளர்த்தவள் நான். அவன் தட்டில் மிச்சம் வைத்தால் எனக்குத் தொண்டையில் இறங்காது.

கடைசி மேசையில் நானும் சோடாபுட்டியும். அவள் கண்ணாடியின் தடிமனுக்காக வந்த பேர் அது, வைத்ததும் நான்தான். குழாயை எடுத்து, கைப்பிடியை இரண்டு பக்கமும் திருகிப் பார்த்து, வாஷர் ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவி, துடைத்து, உறையில் போட்டு, பெட்டியில் அடுக்க வேண்டும். சொல்வதற்கு ஒரு மூச்சு. நாள் முழுக்கச் செய்தால் மணிக்கட்டு விட்டுப்போகும். அவள் நிரந்தர ஊழியர், நான் ஒப்பந்தம். அதைப்பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை.

ஒருநாள் தம்பி ஸ்டாப்வாட்ச்சோடு வந்து எங்கள் எதிரில் நின்றான். ஸ்டாப்வாட்ச்சைக் கண்டால் தொழிற்சாலையில் எல்லாருக்கும் திடீரென்று கைவலி வந்துவிடும். இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. இன்றைக்கு நாம் காட்டும் வேகம்தான் நாளைக்கு நம்மிடம் கேட்கப்போகும் வேகம் என்பது, வேலைக்குச் சேர்ந்த வாரமே புரிந்துவிடும். சோடாபுட்டி ஒரு குழாயைக் கையில் வைத்துக்கொண்டு, பேரம் பேசப்போகிறவள்போல் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

எனக்கு மட்டும் தெரியாதா என்ன? ஆனால் எதிரில் நின்றவனைப் பார்த்தேன். சட்டைக் காலர் கழுத்தில் தொளதொளவென்று கிடந்தது. நல்ல கணக்கு ஒன்று கிடைத்தால் பையன் கரையேறிவிடுவான் என்று நினைத்ததுதான் தெரியும், என் கை பறந்தது. சோடாபுட்டி மேசைக்கு அடியில் என் காலை மிதித்தாள். நான் காலை இழுத்துக்கொண்டேன். தம்பி என் கைகளைப் போனில் படமும் பிடித்துக்கொண்டான்.

சான்றிதழ் கொடுத்த அன்று சாப்பாட்டுக் கூடத்தில் எல்லாரையும் உட்காரவைத்தார்கள். திரையில் என் கைகள் ஓடின. முகம் இல்லை, கைகள் மட்டும். இந்த முறையில் செய்தால் கடைசி மேசைக்கு ஒரே ஆள் போதும் என்று தம்பி விளக்கினான். குரல் கொஞ்சமும் தடுமாறவில்லை. கூடமே கைதட்டியது. என் பையன் கரையேறிவிட்டான் என்று நானும் தட்டினேன். ஒரே ஆள் போதுமென்றால் இன்னொருத்தி என்ன ஆவாள் என்பது தட்டி முடித்த பிறகுதான் உறைத்தது.

மறுநாள் அதிகாரி கூப்பிட்டார். மாதக் கடைசியோடு வரவேண்டாம் என்றார். இந்தப் பயிற்சியில் ஆளைக் குற்றம் சொல்லும் பழக்கமே கிடையாது, வேலை நடக்கும் முறையில்தான் பிழை தேடுவோம் என்று ஆறுதல் வேறு. ஒரு குற்றமும் இல்லாதவளாக வெளியே வந்தேன்.

வீட்டில் தம்பி சான்றிதழை எந்தச் சுவரில் மாட்டலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தான். விஷயம் அவனுக்கும் தெரிந்திருந்தது, திரும்பாமலே நின்றான். அத்தனை மேசை இருக்க என் மேசைக்கு ஏன் வந்தாய் என்று மட்டும் கேட்டேன். ஏதாவது பொய் சொல்லியிருக்கலாம். நம்பித் தொலைத்திருப்பேன்.

"மத்த மேசையெல்லாம் பாத்துட்டேன்க்கா. வாட்ச்ச எடுத்தாலே எல்லாரும் மெதுவாயிடுறாங்க," என்றான். "நீ எனக்காக வேகமா செய்வேன்னு தெரியும்."

"தெரிஞ்சுதான் வந்தியா?"

"உன்ன வேற பிரிவுக்கு மாத்திடுவாங்கன்னு நெனச்சேன். கேட்டு வச்சுக்கல."

நினைத்தானாம். ஒரு மேசைக்கும் இன்னொரு மேசைக்கும் இடையே நடக்கிற நடைகூட வீண் என்று கணக்குப் போடத் தெரிந்தவனுக்கு, அந்த ஒரு கேள்வியை அதிகாரியிடம் கேட்கத் தோன்றவில்லை. வேலை போனது வலித்தது, இல்லையென்று சொல்லவில்லை. வேறு வேலை தேடிக்கொள்ளலாம். ஆனால் என் பாசத்தையும் அவன் முன்கூட்டியே கணக்கில் சேர்த்துக்கொண்டுதான் வந்து நின்றிருக்கிறான். அதுதான் நெஞ்சை அறுத்தது. இனிமேல் எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று என்னென்னவோ சொன்னான். நான் சுத்தியலையும் ஆணியையும் எடுத்து வந்து அவன் கையில் கொடுத்தேன்.

என் கடைசி நாளில், மேசைக்கு மேலே ஒரு திரையை மாட்டி அந்தப் படத்தை ஓடவிட்டார்கள். சோடாபுட்டி அதைப் பார்த்துப் பழக வேண்டுமாம். அவளும் முக்கி முனகிப் பார்த்தாள். கண்ணாடி வியர்வையில் வழுக்கி மூக்கு நுனிக்கு வந்தது, குழாய்கள் முன்னால் குவிந்தன. அன்றைக்கே காலை மிதித்தேனே என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

"இத எப்படிடி செஞ்சே? ஏதாவது தந்திரம் இருந்தா சொல்லிட்டுப் போ. என்னால முடியலன்னா என்னையும் அனுப்பிடுவாங்க."

செய்து காட்டலாம் என்று அவளைத் தள்ளி உட்காரச் சொன்னேன். குழாயை எடுத்தேன், திருகினேன், தடவினேன், துடைத்தேன். என்ன செய்தும் அந்த வேகம் எனக்கே வரவில்லை. திரையில் ஓடிய கைகள் என்னை விட்டுவிட்டு எங்கோ போய்க்கொண்டிருந்தன.

"தந்திரம் ஒண்ணும் இல்லடி," என்றேன். "அன்னைக்கு எதிர்ல என் தம்பி நின்னான்."