மேலறையில் ஓர் ஆவுளியா

மேவிஸைக் கண்ட அன்றே கஸ்பருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஆஸ்திரேலியாவின் வடகரைத் தீவொன்றிலிருந்து வந்த பூர்வகுடி ஓவியர், லண்டனில் கண்காட்சி வைக்கிறார் என்று சொல்லித்தான் பங்குச் சுவாமியார் அவளை ஈஸ்ட் ஹாமில் இருந்த அவன் வீட்டுக்குக் கூட்டிவந்தார். கஸ்பரின் மனைவி எமில்டா மேலறையை ஒழித்துக் கொடுத்தாள். ஆனால் வந்தவளுக்கு அவனுடைய மன்னார்ப் பக்கத்து முகம்.

"உவ தமிழ்தான். விளங்காத மாதிரி நடிக்கிறா," என்றான் கஸ்பர் எமில்டாவிடம்.

அது தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு. குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில் அவனுடைய அகதி வழக்கு இழுபட்டுக்கொண்டிருந்தது. தன்னைப் பற்றி யாரோ விசாரிக்கிறார்கள் என்று அவன் நம்பினான். மேவிஸ் வந்தால் ஊர்க் கதையை நிறுத்திவிடுவான். ஒருநாள் சாப்பிடும்போது, முதுகில் பூரான் ஊருது என்று அவளுக்குப் பின்னால் நின்று தமிழில் சொல்லிப் பார்த்தான். அவள் அசையவில்லை. நல்ல பயிற்சி கொடுத்துத்தான் அனுப்பியிருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டான்.

ஒரு சனிக்கிழமை மேவிஸ் குளிக்கப் போனபோது அவளுடைய அறை திறந்து கிடந்தது. உள்ளே துணியால் மூடிய ஓவியம். கஸ்பர் துணியைத் தூக்கினான். காவியும் வெள்ளையுமான புள்ளிகளுக்கு நடுவே ஒரு தீவு, சுற்றிலும் கடலடிப் பாறைகள், நீரோட்டங்கள். ஓரத்தில் கன்றோடு மேயும் கடற்பசு, அவன் ஊரில் ஆவுளியா என்பார்கள். கடற்தொழில் செய்தவனுக்கு அது வெறும் படமாகத் தெரியவில்லை, கடல் வரைபடமாகத் தெரிந்தது. தன்னுடைய கடலைத்தான் யாருக்கோ வரைந்து கொடுக்கிறாள் என்று பட்டது.

திரும்பினால் வாசலில் மேவிஸ், ஈரத் தலையோடு.

"உன்னை யார் அனுப்பினது?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

அவளிடம் கேட்க அவன் வைத்திருந்த கேள்வி அது. கஸ்பர் துணியை அவசரமாக இழுத்து மூடினான்.

சத்தம் கேட்டு எமில்டா ஏறிவந்தாள். மேவிஸ் அவளிடம்தான் விளக்கினாள். அது தன் தாய்வழிக் குடும்பத்தின் கடல். முன்பு ஒருவன் அவர்களுடைய ஓவியங்களைக் களவாகப் படமெடுத்துச் சட்டைகளில் அச்சடித்து விற்றானாம். தான் வரும்போதெல்லாம் கஸ்பர் பேச்சை நிறுத்துவதைக் கண்டு, இவனும் அப்படிப்பட்டவன்தான் என்று பயந்திருக்கிறாள்.

கஸ்பர் மன்னிப்புக் கேட்டான். தேநீர் குடிக்கும்போது, தங்கள் கடலிலும் ஆவுளியா உண்டு என்றான். மேவிஸ் அந்தச் சொல்லை மெல்லச் சொல்லிப் பார்த்தாள். பிறகு அவனுடைய ஊரின் பெயரைக் கேட்டாள். கஸ்பர் சற்று யோசித்துவிட்டுப் பக்கத்து ஊரின் பெயரைச் சொன்னான்.

அவள் மேலே போனதும், ஏன் பொய் சொன்னாய் என்று எமில்டா கேட்டாள்.

"தெரியேல்லை," என்றான்.

மேலறைக் கதவில் உள்ளிருந்து சாவி திரும்பும் சத்தம் கேட்டது.